அமெரிக்க சார்ட்டர் பள்ளியின் விவரப் பக்கத்தை எப்படிப் படிப்பது? (அக்கா மகளுக்காகக் கேட்கிறேன்)

வேளிமலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தக்கலைப் பக்கம் ஒரு அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார். அக்காவும் அத்தானும் அமெரிக்காவில், ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். அத்தானுக்கு வேலை மாறியதால் வருகிற ஜூலையில் கொலம்பஸ் நகரத்துக்குக் குடிபோகிறார்கள். மருமகள் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். பார்த்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு சார்ட்டர் தொடக்கப் பள்ளி இருக்கிறது, ஃபீஸ் கிடையாது என்கிறார்கள். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, நான் பாதி உறக்கத்தில் கிடக்கும்போது, அந்தப் பள்ளியின் விவரப் பக்கத்தை அனுப்பி "நீ கணக்கு வாத்தியார்தானே, பாத்துச் சொல்லு" என்று அக்காவின் வாய்ஸ் மெசேஜ்.

கூட்டிக் கழிக்க எனக்குத் தெரியும், அர்த்தம்தான் பிடிபடவில்லை. பக்கத்தில் உள்ளது இது: கேஜி முதல் 5 வரை, மொத்தம் 212 பிள்ளைகள். கேஜி 40, ஒன்று 41, இரண்டு 38, மூன்று 36, நாலு 31, ஐந்து 26. ஆசிரியர்கள் 16.5 (அரை ஆசிரியர் எப்படி வருவார் என்று முதலில் அங்கேயே மாட்டிக்கொண்டேன்). மாணவர் ஆசிரியர் விகிதம் 12.85. இனவாரியாகக் கருப்பினம் 131, ஹிஸ்பானிக் 34, வெள்ளையர் 22, ஆசியர் 9, இரண்டு இனம் கலந்தவர்கள் 16. இலவச மதிய உணவுக்குத் தகுதி 212, அதாவது அத்தனை பேரும். டைட்டில் ஒன் பள்ளியா (ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிக்கு மத்திய அரசு தரும் கூடுதல் நிதியாம்), ஆம். இருப்பிடம் 'பெருநகரம்'. மாவட்டம் என்ற இடத்தில் மறுபடியும் அந்தப் பள்ளியின் பெயரையே போட்டிருக்கிறார்கள். வீடு தேடுகிற இணையதளத்தில் இதே பள்ளிக்குப் பத்துக்கு 4 மதிப்பெண்.

பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு என்றால் எல்லாம் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும், நமக்கு ஒத்துவராது என்கிறார் அத்தான். பதின்மூன்று பிள்ளைக்கு ஒரு டீச்சர் எங்கே கிடைக்கும் என்கிறாள் அக்கா. எட்டாம் வகுப்பில் 44 பிள்ளைகளை வைத்துக்கொண்டு வர்க்கமூலம் நடத்துகிற நான் அக்கா பக்கம்தான் சாய்வேன். ஆனால் மேல் வகுப்புக்குப் போகப் போக எண்ணிக்கை இறங்குவது எனக்கு உறுத்துகிறது. பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகிறார்களோ? அங்கே இருக்கிறவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

மட்டிப்பழம்:

சார்ட்டர் என்றால் தனியார்தான், பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. பத்துக்கு நாலு என்று போட்ட பிறகு இதில் ஆராய என்ன இருக்கிறது, வேற வீடு பாருங்க. 8, 9 உள்ள ஸ்கூல் பக்கம் வாடகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

தேரூர்க்காரி:

மட்டிப்பழம் தம்பி, கொஞ்சம் பொறுங்க. நான் ஒன்பது வருஷமாகக் கொலம்பஸ் பக்கத்தில் இருக்கிறேன். மூத்தவன் மூன்று வருஷம் ஒரு சார்ட்டரில் படித்துவிட்டு இப்போது மாவட்டப் பொதுப் பள்ளியில் படிக்கிறான். ரெண்டு பக்கமும் பார்த்தாச்சு.

சார்ட்டர் தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் நடக்கிற பொதுப் பள்ளி, ஃபீஸ் வாங்கக் கூடாது, மதம் கற்பிக்கக் கூடாது. நடத்துவது மட்டும் ஊர்க் கல்வி வாரியம் இல்லை, தனி நிர்வாகக் குழு. 1991-இல் மினசோட்டாவில் முதல் சட்டம் வந்தது, ஒஹாயோவில் 1997. இந்த மாநிலத்துச் சட்டத்தில் இதற்குப் பேரே 'கம்யூனிட்டி ஸ்கூல்', அதனால் அக்கா தேடும்போது அந்தப் பெயரிலும் தேடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாநிலத்தின் இணையதளத்தில் கிடைக்காது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள், பிள்ளையைப் பரீட்சை வைத்து எடுக்க முடியாது. மாவட்டம் என்ற இடத்தில் பள்ளியின் பெயரே வருவதும் இதனால்தான். சட்டப்படி அது தனக்குத்தானே ஒரு மாவட்டம், ஒரே ஒரு பள்ளி உள்ள மாவட்டம். வீட்டு வரி வாக்கெடுப்பில் கொலம்பஸ் மாவட்டத்துக்குக் கூடுதல் பணம் கிடைத்தால் அதில் பொதுவாக இவர்களுக்குப் பங்கு வராது, மாநிலம் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

'பெருநகரம்' என்பதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டரை லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள ஊருக்குள் பள்ளி இருந்தால் அந்த முத்திரை, ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்குள் என்றால் நடுத்தர நகரம். 2011 கணக்கில் நம்ம நாகர்கோவில் சுமார் 2.25 லட்சம், அவர்கள் அளவுகோலில் அது நடுத்தரம்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் நின்று பார்த்தவன் எவனும் அதை ஒத்துக்கொள்ள மாட்டான், அது வேற விஷயம்.

அரை ஆசிரியருக்கு வருகிறேன். அது ஆள் கணக்கு இல்லை, வேலை நேரக் கணக்கு. வாரத்தில் பாதி நாள் வருகிற ஓவிய டீச்சர் 0.5. அந்த 16.5-க்குள் இசை, உடற்பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாரும் அடக்கம். ஆகையால் 12.85 என்பது ஒரு அறையில் உட்காரும் பிள்ளைகளின் எண்ணிக்கை இல்லவே இல்லை. கேஜி 40 என்றால் இரண்டு அறை, அறைக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் நல்ல அளவுதான், ஆனால் அக்கா பதின்மூன்றை நம்பிப் போய் இருபதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சாப்பாடு. அத்தானிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 130-க்கு மேல் 185 வரை குறைந்த விலை, இதுதான் பழைய கணக்கு. 2010 சட்டத்துக்குப் பிறகு இன்னொரு வழி வந்தது: ஏழைப் பிள்ளைகள் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் உள்ள பள்ளி, விண்ணப்பமே வாங்காமல் எல்லாருக்கும் இலவசமாகப் போடலாம். அந்தப் பங்கு முதலில் 40 சதவீதமாக இருந்தது, 2023-இல் 25 ஆக்கினார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் டாக்டர் பிள்ளை சேர்ந்தாலும் அதே தட்டுதான், பல இடங்களில் அதே கணக்கில்தான் ஏறும். 212-க்கு 212 என்றால் பெரும்பாலும் இதுதான். 'நேரடிச் சான்று' என்று இன்னொரு எண் அதே பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அரசு உதவி வாங்கும் குடும்பங்களை நேரடியாகச் சரிபார்த்து எண்ணியது அது, உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும்.

இனக் கணக்கும் இப்படித்தான். கொலம்பஸில் சோமாலியாவிலிருந்து வந்தவர்கள் ரொம்ப அதிகம், அமெரிக்காவிலேயே பெரிய சோமாலிச் சமூகங்களில் ஒன்று இங்கே. அவர்களும் 'கருப்பினம்', பத்துத் தலைமுறையாக இங்கே இருக்கிறவர்களும் 'கருப்பினம்'. ஆசியர் 9 என்று பார்த்ததும் அக்கா நம்ம ஆட்கள் என்று நினைத்திருப்பார்கள், ஆனால் பூட்டானிலிருந்து அகதிகளாக வந்த நேபாளி பேசும் குடும்பங்களும் இந்த ஊரில் ஏராளம், அந்த 9 அவர்களாகவும் இருக்கலாம். வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதை அந்தக் கட்டம் சொல்லாது. என் மகன் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டு மொழி வேறு. அதனால்தானோ என்னவோ டீச்சர் ஒவ்வொரு சொல்லையும் வாயைத் திறந்து காட்டி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார், என் பிள்ளைக்கு அது நல்லதாகவே அமைந்தது.

ரேட்டிங் பற்றி எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஒன்று மட்டும். மத்தியச் சட்டப்படி பரீட்சை மூன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. கேஜி, ஒன்று, இரண்டு, யாரும் எழுதுவதில்லை. அந்த நாலு மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருப்பது அதிகபட்சம் 36, 31, 26, மொத்தம் 93 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு போய் எழுதினால் சதவீதம் நாலு புள்ளி இறங்கும். உங்கள் மருமகள் சேரப் போவதோ ஒன்றாம் வகுப்பு.

பழைய ஹெச்எம்:

நான் அமெரிக்கா பார்த்ததில்லை, திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை போய் மகனை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் இந்த மாதிரிப் பக்கத்தை முப்பது வருஷம் என் கையால் நிரப்பியிருக்கிறேன், அந்த உரிமையில் ஒரு சொல்.

தேரூர்க்காரி சொன்ன அமைப்பு நம்ம மாவட்டத்துக்காரனுக்குப் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்டோபே பள்ளிக்கூடம் தொடங்கி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சபையோ சமுதாயமோ நடத்தும், அரசு பணம் தரும் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக ஒவ்வொரு வடிவத்தில் இங்கே இருந்துவருகிறது. உதவிபெறும் பள்ளி என்றால் அதுதானே. வேற்றுமை இரண்டு இடத்தில்தான். இங்கே அரசு பணியிடத்தை அனுமதித்துச் சம்பளத்தைக் கருவூலத்திலிருந்து ஆசிரியருக்குத் தருகிறது, அங்கே தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பள்ளியிடம் கொடுத்துவிட, ஆளை எடுப்பதும் சம்பளம் வைப்பதும் அவர்கள் பாடு. இன்னொன்று, அவர்களுக்கு ஒப்பந்தம் காலவரையறை உள்ளது என்று படித்திருக்கிறேன், சொன்னதைச் செய்யாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். மதிப்பெண் குறைந்ததற்காக இங்கே ஒரு உதவிபெறும் பள்ளியை மூடியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. ஒரு எண்ணைப் பார்த்தால் அது யாருக்காக எண்ணப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். பெற்றோருக்காக யாரும் எண்ணுவதில்லை. பணம் தருகிறவனுக்காக எண்ணுகிறோம்.

2013-இல் குளச்சல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். நமக்கு ஆகஸ்ட் 1 நிலவரப்படிதான் பணியிட நிர்ணயம், வேளிமலைக்காரனுக்குத் தெரியும். அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், அறுபத்தொன்று என்றால் மூன்று. எங்களிடம் பதிவேட்டில் சரியாக 61. அதில் ஒரு பையனின் அப்பாவுக்கு விசைப்படகு வேலை, ஜூன் கடைசியில் குடும்பத்தோடு கொல்லத்துக்குப் போய்விட்டார். பையன் மட்டும் பாட்டி வீட்டில் இருக்கிறான், ஆனால் பள்ளிக்கு வருவதில்லை. அவன் பெயரை நீக்கினால் ஒரு டீச்சர் உபரி, பணிநிரவலில் எங்காவது மலையோரப் பள்ளிக்குப் போக வேண்டும், அந்த அம்மாவுக்குக் கைக்குழந்தை. ஜூலை 30-ஆம் தேதி மழைக்குள் அந்தப் பாட்டி வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். பையன் திண்ணையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தான். "எலே, நாளைக்கு வருவியா?" என்றேன். கையை நக்கிக்கொண்டே "செருப்பு இல்ல சார்" என்றான். குளச்சல் சந்தையில் அறுபது ரூபாய்க்கு ஒரு செருப்பு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் வந்தான், அப்புறம் தொடர்ந்து வந்தான், நன்றாகவே படித்தான்.

அந்த வருஷம் எங்கள் பள்ளியின் விவரத்தில் இருப்பது: மாணவர் 61, ஆசிரியர் 3, விகிதம் 20.33. மூன்றாவது ஆசிரியரே ஒரு ஜோடி செருப்பில் நின்றார் என்று அதைப் படிக்கிற எவனுக்குத் தெரியும்?

சாப்பாட்டுக் கணக்குக்கும் இதே கதைதான். நம்ம சத்துணவுக்கு வருமானச் சான்று எதுவும் கேட்பதில்லை, காலை உணவுத் திட்டத்துக்கும் கேட்பதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, 2024 ஜூலையில் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு அமெரிக்கக்காரன் நம்ம பள்ளியில் எத்தனை பேர் உப்புமா சாப்பிட்டார்கள் என்று எண்ணி ஏழ்மையை அளந்தால் எப்படி இருக்கும்? உங்கள் அத்தான் அதைத்தான் செய்கிறார்.

மட்டிப்பழம்:

சார் கதை நல்லா இருக்கு, நானும் அந்தப் பக்கத்துப் பள்ளியில் படித்தவன்தான். ஆனாலும் கேட்கிறேன். 2018 ஜனவரியில் அதே ஒஹாயோவில் ஒரு சார்ட்டர் பள்ளியை நடு வருஷத்தில் இழுத்து மூடினார்கள். சுமார் 12,000 பிள்ளைகள், ஒரே நாளில் பள்ளி இல்லை. பேர் எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? ஊர்ப் பொதுப் பள்ளி என்றால் இப்படி ராவோடு ராவாக மூடுமா?

தேரூர்க்காரி:

சரியான கேள்வி. அது முழுக்க இணைய வழிப் பள்ளி, வீட்டுப் பக்கத்தில் 212 பிள்ளைகளோடு நடக்கிற பள்ளியோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் மூடிய காரணம் ஹெச்எம் சார் சொன்னதற்கு ரொம்பப் பொருத்தம். 2015-16 கல்வியாண்டுக்கு 15,000-க்கு மேல் பிள்ளைகள் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள், மாநிலம் போய்ப் பார்த்தபோது சுமார் 6,300 பேருக்குத்தான் படித்ததற்கான ஆதாரம் இருந்தது. ஏறக்குறைய 6 கோடி டாலரைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள், கட்ட முடியாமல் படுத்துவிட்டது. நம்ம சார் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து எண்ணினார், அவர்கள் வராத பிள்ளையை எண்ணினார்கள்.

அதனால் மூடுமா என்ற பயம் நியாயம்தான். ஒஹாயோவில் ஒவ்வொரு சார்ட்டருக்கும் மேலே ஒரு 'ஸ்பான்சர்' இருப்பார், ஒப்பந்தம் போடுவதும் கண்காணிப்பதும் அவர்தான், அந்த ஸ்பான்சர்களுக்கே மாநிலம் தரம் போடுகிறது. பள்ளிக்கு ஸ்பான்சர் யார், ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது என்று அக்கா நேராகக் கேட்கலாம், தவறே இல்லை. ஒளிக்கிற பள்ளி என்றால் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

ரேட்டிங்குக்கு வீடு விற்கிற தளத்தைப் பார்க்காதீர்கள், மாநிலத்தின் ரிப்போர்ட் கார்டைப் பாருங்கள். நட்சத்திரம் போட்டிருப்பார்கள், ஒன்று முதல் ஐந்து வரை. அதில் 'அச்சீவ்மென்ட்' என்பது பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பது, வசதியான வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அது தானாகவே ஏறும். 'புராக்ரஸ்' என்பது போன வருஷம் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பது. பள்ளி என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டாவதைப் பாருங்கள். அச்சீவ்மென்ட் இரண்டு நட்சத்திரமும் புராக்ரஸ் நாலும் உள்ள பள்ளி ஒன்றில் என் தோழியின் மகள் படிக்கிறாள், கேஜியில் ஆங்கிலமே தெரியாமல் போனவள், இப்போது எனக்கே உச்சரிப்பு திருத்துகிறாள்.

பொதுவாகச் சார்ட்டர் நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஆய்வுகளே ஒரு பக்கமாகச் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு 2009-இல், கணக்குப் பாடத்தில் 17 சதவீதச் சார்ட்டர்கள் வழக்கமான பொதுப் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ் என்றது. 2023-இல் அதே குழு, சராசரியாக வாசிப்பில் 16 நாள் படிப்பும் கணக்கில் 6 நாள் படிப்பும் கூடுதல் என்றது. நகரத்துச் சார்ட்டர்களுக்கு இதைவிட நல்ல முடிவே வந்திருக்கிறது. ஆனால் சராசரியில் யாரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. ஆறடி ஆழத்தில் சராசரி நாலடி என்று சொல்லிக் குளத்தில் இறங்கின கதையாகிவிடும்.

வேளிமலைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இதை எதிர்பார்க்கவில்லை. ஹெச்எம் சார், அந்த 61-ஐ எங்கள் ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டினேன், இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள், ஒருத்தர் "நான் மூணு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கேன்" என்றார்.

தேரூர் அக்கா சொன்னதை எல்லாம் பார்த்தேன். பக்கத்தில் போட்டிருந்த கல்வியாண்டே ஒரு வருஷம் பழசு, அதை நான் கவனிக்கவே இல்லை. நேரடிச் சான்றுக் கணக்கு 118, அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். அத்தானிடம் சொன்னேன், 'ம்' என்றார். அவருடைய 'ம்' எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

அப்புறம் அந்த இறங்குகிற எண்ணிக்கை உறக்கத்தைக் கெடுத்ததால் அதற்கு முந்தின வருஷத்துப் பக்கத்தையும் தேடி எடுத்தேன். அதில் கேஜி 42, ஒன்று 38, இரண்டு 37, மூன்று 33, நாலு 27. ஐந்தாம் வகுப்பே இல்லை! வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மேலே கட்டிக்கொண்டு போகிற பள்ளி போல. இரண்டு வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் குறுக்காகப் பார்த்தேன். 42 பேர் கேஜியிலிருந்து ஒன்றுக்குப் போனபோது 41. 38 பேர் 38. 37 பேர் 36. 33 பேர் 31. 27 பேர் 26. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 177-இல் ஐந்தே பேர் குறைவு. மேல் வகுப்பில் ஆள் குறைவாக இருப்பதற்குக் காரணம், அந்தப் பிள்ளைகள் சேர்ந்தபோதே வகுப்பு சின்னதாக இருந்ததுதான். நான் நேராகப் பார்த்துத் தப்பாக நினைத்துவிட்டேன். இது சரிதானே?

பழைய ஹெச்எம்:

குறுக்காகப் பார்த்தது கணக்கு வாத்தியாருக்கு அழகு. ஆனால் ஒன்று. 38 பேர் 38 ஆகவே இருந்தால் அதே 38 பேர் என்று அர்த்தமில்லை. எட்டுப் பேர் போய் எட்டுப் பேர் புதிதாக வந்திருந்தாலும் 38-தான். பதிவேட்டில் நீக்கமும் சேர்க்கையும் தனித்தனிப் பக்கம், மொத்தத்தில் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். போன வருஷம் எத்தனை பேர் டிசி வாங்கினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள், அங்கே டிசிக்கு என்ன பேரோ.

தேரூர்க்காரி:

இங்கே டிசி என்று ஒன்று கிடையாது சார், புதுப் பள்ளி பழைய பள்ளியிடம் கோப்பை அனுப்பச் சொல்லிக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் கேள்வி சரி.

அதைவிட முக்கியமாக ஆசிரியர்கள் எத்தனை பேர் மாறினார்கள் என்று கேளுங்கள். எங்கள் மூத்தவன் படித்த சார்ட்டரில் விகிதம் 14 என்று அழகாகப் போட்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் தீபாவளிக்கு முன்னால் ஒரு டீச்சர் போனார், ஜனவரியில் வந்தவர் ஈஸ்டருக்குள் போனார். நடுவில் யார் யாரோ தற்காலிகமாக வந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் காரில் ஏறியதும் அவன், "அம்மா, இன்னைக்கு வந்த டீச்சர் என் பேரைக் கேட்கல, 'பச்சைச் சட்டை'ன்னு கூப்பிட்டாங்க" என்றான். நாங்கள் பள்ளியை மாற்றிய காரணம் அந்தப் பச்சைச் சட்டைதான், ரேட்டிங் இல்லை. விவரப் பக்கத்தில் அந்த வருஷமும் விகிதம் 14-தான்.

அக்கா ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கட்டும். காலையில் பிள்ளைகள் இறங்குகிற நேரம் நல்லது. வாசலில் நிற்கிறவர் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒன்றாம் வகுப்பு டீச்சர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், வாசிப்பை எழுத்தொலி வழியாகக் கற்பிக்கிறார்களா, இந்த இரண்டையும் கேட்கட்டும்.

இன்னொன்று, சேரும்போது வீட்டு மொழி என்ன என்று ஒரு படிவம் தருவார்கள். சிலர் பயந்துபோய் ஆங்கிலம் என்று போட்டுவிடுகிறார்கள். தமிழ் என்றே போடுங்கள். அதை வைத்துப் பிள்ளைக்கு ஒரு சின்ன ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், தேவையென்றால் கூடுதல் உதவி கிடைக்கும், தேவையில்லையென்றால் விட்டுவிடுவார்கள். சார்ட்டராக இருந்தாலும் இதெல்லாம் செய்தே ஆக வேண்டும், சிறப்புக் கல்வி தேவைப்படுகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான், சட்டம் ஒன்றுதான்.

மட்டிப்பழம்:

சரி, நான் சொன்ன 'வேற வீடு பாருங்க' வாபஸ். பத்துக்கு நாலு மட்டும் இன்னும் உறுத்துது, ஆனா 93 பிள்ளைன்னு தெரிஞ்சதும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

வேளிமலைக்காரன்:

அக்கா நேற்று போய்விட்டு வந்தாள். இருக்கிற ஊரிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம், காலை ஏழரைக்கு வாசலில் போய் நின்றிருக்கிறாள். குளிருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம், அவர்தான் பிரின்சிபால். எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார், ஒரு பிள்ளையை மட்டும் தம்பி பேரில் கூப்பிட்டுத் திருத்திக்கொண்டார் என்றாள். ஒன்றாம் வகுப்பில் இரண்டு டீச்சர், ஒருத்தர் பள்ளி தொடங்கினதிலிருந்து இருக்கிறார், இன்னொருத்தர் இந்த வருஷம் புதுசு. போன வருஷம் மொத்தத்தில் நாலு டீச்சர் மாறியிருக்கிறார்கள், கேட்டதும் யோசிக்காமல் சொன்னார்களாம். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. நடுவில் போன பிள்ளைகள் பதினொன்று, அதில் ஏழு பேர் வீடு மாறிப் போனவர்கள். ஹெச்எம் சார், நீங்கள் சொன்னது சரி, மொத்தக் கணக்கில் ஐந்துதான் தெரிந்தது.

விண்ணப்பம் போட்டாச்சு. ஒன்றாம் வகுப்பில் காலியாக இருப்பது மூன்று இடம், கேட்டிருப்பவர்கள் இதுவரை பதினாறு பேர், ஏப்ரலில் குலுக்கல். பதினாறில் மூன்று எவ்வளவு சதவீதம் என்று அம்மா கேட்டாள், பதினெட்டே முக்கால் என்றேன். "அப்போ நீ கணக்கைப் பாத்துக்கிட்டிரு" என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை குமாரகோயிலுக்குக் கிளம்புகிறாள், மட்டிப்பழம் ஒரு குலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். (தம்பி, உங்களை இல்லை.)